பள்ளிக்கூட வாசலுக்கு ஒரு 'பிரபஞ்சம்': சீமெந்தில என்ன செய்யலாம்?

சீமெந்துக்காரன் (மாங்குளம்):

வணக்கம். நான் சீமெந்துச் சிலை செய்யிறவன். கோபுரத்துப் பொம்மை, பள்ளிக்கூடத்துச் சரஸ்வதி, மதில் சிங்கம், அந்தோனியார் எண்டு கனக்க இந்தக் கையால போயிருக்கு. இப்ப வந்திருக்கிற வேலை கொஞ்சம் வேற.

இஞ்ச பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு வெளிநாட்டில இருக்கிற பழைய மாணவர் காசு சேர்க்கினம். வாசலில 'பிரபஞ்சம்' எண்ட கருத்தில ஒரு சிலை வேணுமாம். அதிபர் மூண்டு யோசனை சொன்னார்.

ஒண்டு, ஒரு பெடியன் உலக உருண்டையைத் தோளில தூக்கிக்கொண்டு நிக்கிறது. பாரம் முழுக்க ரெண்டு கணுக்காலிலதான் இறங்கும். அந்த இடத்தில கம்பி துருப்பிடிச்சால் உருண்டையோட பெடியனும் போயிடுவான்.

ரெண்டு, சுவிஸில சேர்ன் ஆராய்ச்சி நிலையத்தில நிக்கிற மாதிரி நடராசர். எனக்குச் சந்தோசம்தான். ஆனா பள்ளிக்கூடத்தில பாதிப் பிள்ளையள் வேதக்காரர், கிறிஸ்தவர். அதோட, தூக்கிய காலும் வீசின கையும் வெண்கலத்தில நிக்கிற மாதிரிச் சீமெந்தில நிக்காது. தொடையை மொத்தமாக்க வேணும், பிறகு அது ஆடுற சாமி இல்லை, சறுக்கி விழுகிற சாமி.

மூண்டு, கம்பியில கோள்கள். எட்டோ ஒன்பதோ எண்டு அதிபருக்கும் விஞ்ஞான ரீச்சருக்கும் இன்னும் முடியேல்லை. 2006இல புளூட்டோவைத் தள்ளியாச்சு எண்டு ரீச்சர் சொல்லுறா. என்ர கவலை வேற. பெடியள் அந்தக் கம்பியில தொங்குவாங்கள்.

மற்ற ஊர், மற்ற நாட்டுச் சனம் வானத்தைச் சிலையில எப்பிடிக் கொண்டு வந்தவை? தயவு செய்து 'இது படைத்தல், இது அழித்தல்' எண்டு அம்புக்குறி போட்ட படம் அனுப்பாதேங்கோ, அது போனில நிறைய இருக்கு. செய்தவன் எதால செய்தான், எந்தப் பக்கம் பார்க்க வைச்சான், வெளிச்சம் எப்பிடி விழுகுது, அதுதான் எனக்கு வேணும்.

---

வவுனியா ரீச்சர்:

தம்பி, நான் சித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். அம்புக்குறி வேண்டாம் என்கிறீர்கள், சரி. ஆனால் அந்த அம்புக்குறிகள் நேற்று வந்தவை அல்ல. துடியில், அதாவது உடுக்கையில் தோற்றம், அஞ்சாதே என்று அமைத்த கையில் காப்பு, நெருப்பில் அழிப்பு, ஊன்றிய பாதத்தில் மறைப்பு, தூக்கிய பாதத்தில் அருள் என்று உண்மை விளக்கம் என்ற சைவ சித்தாந்த நூல் 13ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டது. கொழும்பில் 1877இல் பிறந்த கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமி அதை ஆங்கிலத்தில் எழுதினார். 1918இல் அவருடைய கட்டுரைத் தொகுதி வந்த பிறகு மேற்கு நாட்டவர்களும் நடராசரை அப்படியே வாசிக்கத் தொடங்கினார்கள். சேர்னில் நிற்பது 2 மீற்றர் உயரச் சிலை, இந்தியா கொடுத்தது, 2004 ஜூன் 18 திறந்தார்கள்.

நீங்கள் சொன்ன கால் பிரச்சினை பழைய சிற்பிகளுக்கும் இருந்தது. தமிழ்நாட்டில் சீயமங்கலம் குடைவரையில் பல்லவர் காலத்து ஆடும் சிவன் தூணில் புடைப்பாகத்தான் இருக்கிறார். கல் பின்னால் பிடித்துக்கொள்கிறது. தனியாக, நாலு பக்கமும் சுற்றிப் பார்க்கும்படி ஆடவைத்தது, மெழுகில் உருவம் செய்து வெண்கலத்தில் எடுக்கும் மெழுகு வார்ப்பு. பொலன்னறுவையில் கிடைத்த வெண்கலங்கள் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போனால் முகத்தைப் பார்ப்பதை விட்டு, பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

உருண்டைப் பெடியனுக்கு வருவோம். அதன் மூலம் கிரேக்கத்து அட்லஸ். இத்தாலியில் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் பார்னீசே அட்லஸ் என்று உரோமர் காலத்துச் சலவைக்கல் சிலை ஒன்று உண்டு. ஒரு காலை மடக்கி, கழுத்து வளைந்து, உருண்டையை முதுகில் தாங்குகிறான். எல்லோரும் அது பூமி என்றே நினைக்கிறார்கள். அது வானம். உருண்டை முழுக்க நட்சத்திரக் கூட்டங்கள் உருவங்களாகப் புடைத்து நிற்கின்றன, எருது, சிங்கம், கப்பல் என்று. இன்னொன்று, வானத்தை வெளியே நின்று பார்ப்பதாகச் செய்திருக்கிறான், ஆகவே நாங்கள் கீழிருந்து பார்ப்பதற்கு இடம் வலம் மாறியிருக்கும்.

காலடியில் வைப்பதென்றால் சந்திரவட்டக்கல், பழைய பௌத்த விகாரைகளின் படிக்கட்டு அடியில் கிடக்கும் அரைவட்டக் கல். வெளி வளையத்தில் சுவாலை, அடுத்து யானை, குதிரை, சிங்கம், எருது, பிறகு கொடி, அன்னம், நடுவில் பாதித் தாமரை. அது பிறவிச் சுழல் என்பது தொல்லியல் பேராசிரியர் பரணவிதானவின் விளக்கம். அநுராதபுரத்தில் இருந்த எருது பொலன்னறுவைக்கு வரும்போது இல்லாமற் போகிறது. பிள்ளைகளுக்குப் பாடத்தில் உள்ளதுதான், உடனே விளங்கும்.

---

சீமெந்துக்காரன்:

ரீச்சர், நன்றி. வானத்தைத்தான் தூக்கினவன் எண்டது எனக்குப் புதுசு, அதிபருக்கும் சொன்னனான். அவர் நம்பேல்லை.

சந்திரவட்டக்கல் அருமையான வேலை, அநுராதபுரத்தில குந்தியிருந்து பார்த்தனான். அந்த அன்னங்களின்ர வாயில இருக்கிற மொட்டைக்கூட விடாமல் செதுக்கியிருக்கிறாங்கள். ஆனா இந்த ஊரில, இந்தக் காலத்தில, பள்ளிக்கூட வாசலில அதை வைச்சால் ஆக்கள் சிலையைப் பற்றிக் கதைக்க மாட்டினம். வேற எல்லாம் கதைப்பினம். வேண்டாம்.

---

நல்லூரான்:

எதுக்கு இவ்வளவு யோசினை? மெக்சிக்கோவில இருக்கிற மாயன் கலண்டர் கல்லை அப்பிடியே வட்டமா அச்சு எடுத்துச் சுவரில ஒட்டுங்கோ. பார்க்க வடிவு.

---

வவுனியா ரீச்சர்:

மாயன் இல்லை, மெக்சிக்கோவின் அஸ்ரெக் (Aztec) மக்களின் கல். 1790 டிசம்பரில் மெக்சிக்கோ நகரச் சதுக்கத்தில் மண்ணுக்குள் இருந்து வந்த எரிமலைக் கல், குறுக்களவு 3.6 மீற்றர், நிறை ஏறத்தாழ 24 தொன். நடுவில் நாக்கை நீட்டிய முகம், சுற்றி நாலு சதுரத்தில் முன்பு அழிந்துபோன நாலு உலகங்கள், அதற்கு வெளியே 20 நாட்களின் குறிகள், விளிம்பில் இரண்டு நெருப்புப் பாம்புகள். நாம் இருப்பது ஐந்தாவது உலகம், இது நிலநடுக்கத்தால் போகும் என்பது அவர்கள் கணக்கு. பிரமாதமான கல்தான். ஆனால் பிள்ளைகள் ஒரு குறியையும் வாசிக்க மாட்டார்களே!

---

புதுக்குடியிருப்பாள் (டென்மார்க்):

அண்ணை, நான் இஞ்ச கோபன்ஹேகனில கனகாலம். எங்கட ஊர்ப் பள்ளிக்கூடம் எண்டு வாசிச்சவுடன எழுத வேணும் போல இருந்தது.

இஞ்ச தேசிய அருங்காட்சியகத்தில ஒரு சூரியத் தேர் இருக்கு. பெரிசா நினையாதேங்கோ, முழங்கை நீளத்தை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். வெண்கலக் குதிரை ஒண்டு, பின்னால ஒரு வட்டத்தகடு, ரெண்டும் சில்லில நிக்குது. 1902இல ட்ரண்ட்ஹோல்ம் எண்ட சதுப்பு நிலத்தை முதல்முதலா உழேக்க வந்தது. கி.மு. 1400 அளவில செய்தது எண்டு போட்டிருக்கு. தகட்டின்ர ஒரு பக்கம் பொன் பூச்சு, மற்றப் பக்கம் வெறும் வெண்கலம். குதிரை இடமிருந்து வலம் போனால் உங்களுக்குத் தெரியிறது பொன் பக்கம், அது பகல். வலமிருந்து இடம் திரும்பிப் போனால் கறுத்த பக்கம், இரவு. தகடு சுழலத் தேவையில்லை. தேர் போற திசைதான் பகலும் இரவும்.

பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகேக்க எனக்கு ஒரு யோசினை வந்தது. இந்தச் சனத்துக்கு ஏன் சூரியன் குதிரையில போச்சு? இஞ்ச மார்கழியில வந்து பாருங்கோ. மத்தியானம்கூட சூரியன் அடிவானத்திலயிருந்து 11 பாகைதான் ஏறும். தெற்குப் பக்கமா, எதிர்வீட்டுக் கூரை உயரத்தில, இடமிருந்து வலம் ஊர்ந்து போய் மூண்டேமுக்கால் மணிக்கு முதலே விழுந்திடும். உண்மையிலயே ஆரோ இழுத்துக்கொண்டு போற மாதிரித்தான். புதுக்குடியிருப்பில அப்பிடியே? உச்சந்தலையில வந்து நிண்டு வறுக்கும். எங்கட சூரியன் தேரில போறதில்லை, ஏணியில ஏறுறது.

---

சீமெந்துக்காரன்:

தங்கச்சி, ஏணி எண்டு ஒரு சொல்லில போட்டியள். ரெண்டு நாளா அதுதான் மண்டைக்குள்ள.

தேர் எங்களிட்டையும் இல்லாமல் இல்லை. ஒடிசாவில கோணார்க், 13ஆம் நூற்றாண்டு, கோயிலே தேர். 24 சில்லு, 7 குதிரை. அதுக்கு முதலே தாராசுரத்தில சோழர் மண்டபத்துக்குச் சில்லுப் பூட்டியிருக்கினம். ஆனா ஒண்டைக் கவனிச்சனான். வடநாட்டுச் சூரியனுக்குக் காலில உயரமான சப்பாத்து இருக்கும், தாமரை பிடிச்ச கை தாழ நிக்கும். தெற்கில செய்த சூரியன் வெறுங்கால், தாமரை பிடிச்ச கை தோள் மட்டத்துக்கு. சப்பாத்து நடு ஆசியப் பக்கத்து உடுப்போட வந்தது எண்டு படிச்சவை சொல்லுவினம். எங்கட ஆள் இந்தச் சுடுமணலில வெறுங்காலோட நிக்கிறார். அவர்தான் நெருப்பு, அவருக்கென்ன.

நவக்கிரகம் செய்யேக்கயும் எனக்கு இந்த அரிப்பு வாறது. சாதகத்தில ராகுவும் கேதுவும் எப்பவும் ஒண்டுக்கொண்டு நேர் எதிர், ஏழாம் இடம். வானத்திலயும் அப்பிடித்தான், சந்திரன்ர பாதை சூரியன்ர பாதையை வெட்டுற ரெண்டு இடம், கிரகணம் அங்கதான். ஆனா மண்டபத்தில நடுவில சூரியனை வைச்சு, ராகுவைத் தென்மேற்கிலயும் கேதுவை வடமேற்கிலயும் வைக்கிறம். எதிர் இல்லை, பக்கத்து மூலை. ஒரு குருக்களிட்டைக் கேட்டன். 'அது வானம் இல்லை, சபை' எண்டார். அந்த மறுமொழி எனக்குப் பிடிச்சது. சபையில ஒருத்தரும் ஒருத்தரைப் பார்க்காமல் நிப்பினம், அதுவும் சபைக்குரிய குணம்தானே. கேது பூசிச்ச இடம் எண்டுதான் எங்கட திருக்கேதீச்சரத்துக்கே பேர். ஒரு கிரகண முடிச்சுக்குப் பாடல் பெற்ற தலமே மன்னாரில இருக்கு, ஆனா அதை வானத்தில எங்க பார்க்கிறது எண்டு ஒரு பிள்ளைக்கும் காட்டேலாமல் இருக்கிறம்.

அதால எனக்கு இப்ப வேண்டியது சபை இல்லை. இந்த ஊரின்ர வானம். எங்கயோ இருக்கிற வானத்தைச் சீமெந்தில படியெடுத்து வைக்கிறதில ருசி இல்லை. ஒவ்வொரு சனமும் தன்ர தலைக்கு மேல இருந்ததைத்தான் செய்திருக்கு.

---

வாய்க்கால்:

அண்ணை, நான் நீர்ப்பாசன வேலையில இருக்கிறவன், சிற்பம் தெரியாது, மட்டம் பிடிக்கத் தெரியும். உங்கட கடைசி வரிக்குக் கணக்கு இருக்கு.

அமெரிக்காவில யூட்டா பாலைவனத்தில நான்சி ஹோல்ட் எண்ட பெண் சிற்பி நாலு கொங்கிறீற் குழாயைக் கொண்டுபோய் மண்ணில கிடத்தி வைச்சா. 1973 தொடங்கி 1976இல முடிச்சது. எங்கட வாய்க்காலுக்குப் போடுற குழாய் மாதிரித்தான், ஆனா ராட்சசன்: 18 அடி நீளம், 9 அடி குறுக்களவு, ஆள் நிமிர்ந்து நடக்கலாம். வருசத்தில மிக நீண்ட பகல், மிகக் குறுகிய பகல், அந்த நாளுகளில சூரியன் உதிக்கிற, மறையிற திசைக்கு நேரா வைச்சிருக்கு. குழாயின்ர மேல்பக்கத்தில நட்சத்திரக் கூட்ட வடிவில ஓட்டை போட்டிருக்கிறா. பகலில அந்த ஓட்டையளால வெளிச்ச வட்டங்கள் உள்ளுக்கு விழுந்து நகரும். சிலை செய்யத் தெரியாத எனக்கே வயிறெரிஞ்சது, இவ்வளவு காலம் குழாய் புதைச்சிருக்கிறம், ஒருக்காலும் இது தோணேல்லையே எண்டு.

ஆனா அதை அப்பிடியே இஞ்ச கொண்டு வராதேங்கோ. அவ வைச்ச இடம் 41 பாகை வடக்கு. அங்க சூரியன் உதிக்கிற இடம் கிழக்கிலயிருந்து ரெண்டு பக்கமும் ஏறக்குறைய 32 பாகை ஆடும். மாங்குளம் 9 பாகை வடக்கு, 24 பாகைக்குள்ள அடங்கிடும். அதோட மார்கழி உதயத்தைப் பார்க்கிறதெண்டால் எங்கட மாரி மழைக்குள்ள ஆர் பார்க்கிறது? குளம் உடைக்குமோ எண்டு நாங்கள் கட்டில நிக்கிற காலம் அது.

எங்களுக்கு இருக்கிறதும் யூட்டாவுக்கு இல்லாததும் என்னெண்டால் உச்சிச் சூரியன். அங்க சூரியன் ஒருநாளும் நேர் தலைக்கு மேல வராது, டென்மார்க்கிலயும் வராது. எங்களுக்கு வருசத்தில ரெண்டு தரம் வரும். வன்னிக்கு முதல் தரம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஏப்ரல் 13, 14. ரெண்டாவது ஆகஸ்ட் கடைசி, 29, 30 அளவில. அண்டைக்கு மத்தியானம் 12.10 அளவில நட்ட கம்பிக்கு நிழல் இல்லை. ஏப்ரலில வவுனியாவில கொஞ்சம் முந்தும், யாழ்ப்பாணத்தில கொஞ்சம் பிந்தும், ஆகஸ்டில அது மறுவளம்.

இதை வைச்சும் ஆக்கள் வேலை செய்திருக்கினம். மெக்சிக்கோவில சொச்சிக்கால்கோ எண்ட இடத்தில ஒரு குகைக்கு மேலயிருந்து செங்குத்தா ஒரு துவாரம். உச்சிச் சூரியன் வாற நாளில வெளிச்சம் நேரா நிலத்தில விழும். அது அவையின்ர ஊர்க் கணக்கு, மே நடுப்பகுதியும் ஜூலைக் கடைசியும்.

---

சீமெந்துக்காரன்:

தம்பி, இது கிடைக்கும் எண்டு தெரிஞ்சிருந்தால் முதல் பதிவையே நாலு வரியில முடிச்சிருப்பன்.

இதுதான் என்ர யோசினை. குழாயைக் கிடத்தாமல் நிமிர்த்துறது. கிணத்துக்கு இறக்கிற சீமெந்து வளையங்களை ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கி, ஒரு பக்கம் வாசல் வெட்டி, மேல மூடி போடுறது. பிள்ளையள் ரெண்டு பேர் உள்ள நிக்கலாம். மூடியில ஆறு துவாரம், கார்த்திகைக் கூட்டம் எப்பிடி இருக்குமோ அப்பிடி. புத்தாண்டு மத்தியானம் ஆறு வெளிச்சப் பொட்டும் நிலத்தில நான் பதிச்சு வைச்ச ஆறு குழிக்குள்ள சரியா இறங்க வேணும். மற்ற நாளில பக்கத்தில விழும், சுவரில ஏறும்.

ரீச்சர், நீங்கள் சொன்ன இடம்வலம் இஞ்சயும் வருது. அண்ணாந்து மூடியைப் பார்த்தால் வானத்தில இருக்கிற கார்த்திகை. குனிஞ்சு நிலத்தைப் பார்த்தால் மாறி விழுந்த கார்த்திகை. அட்லஸின்ர முதுகில இருக்கிற வானம்.

வளையத்தின்ர வெளிப்பக்கம் என்ர கை. புடைப்பாத்தான், ரீச்சர் சொன்ன சீயமங்கலத்துச் சிவன் மாதிரிப் பின்னால பிடிமானம் இருக்கும். சாமி இல்லை. விடிவெள்ளி, அறுமீன், கிரகணப் பாம்பு, அதுக்குக் கீழ வரம்பில நிண்டு அண்ணாந்து பார்க்கிற சனம். ஒருத்தர் கண்ணுக்கு மேல கை பிடிச்சிருப்பார். அந்தக் கை எனக்கு வரும்.

---

நல்லூரான்:

அதுக்கு ஏன் வளையம்? ருமேனியாவில பிரான்குசி செய்த மாதிரி ஒரு நெட்டைத் தூண் போடுங்கோ. 1938இல செய்தது, 29 மீற்றர், ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வானத்துக்குப் போகும். அது சண்டையில செத்த ஆக்களின்ர நினைவாயும் இருக்கு.

---

சீமெந்துக்காரன்:

படத்தில பார்த்தனான், நல்ல தூண். வன்னியில தூண் எழுப்பினால் என்ன கேள்வி வரும், ஆர் வந்து கேட்பினம் எண்டு நீங்கள் யாழ்ப்பாணத்தில இருந்தாலும் உங்களுக்குத் தெரியாமல் இராது. வளையத்தோட நிப்பம்.

---

வாய்க்கால்:

அண்ணை, மூடி 3 மீற்றர் உயரத்தில எண்டு வையுங்கோ. மத்தியானத்துப் பொட்டு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் வடக்கு தெற்கா நகரும். அதால புத்தாண்டுக்கு முந்தின நாளும் பிந்தின நாளும்கூட கிட்டத்தட்டக் குழிக்குள்ளதான். ஆனா அந்த மத்தியானத்தில கிழக்கு மேற்கா நிமிசத்துக்கு 1.3 சென்ரிமீற்றர் ஓடும். ஆக, சரியா நிக்கிறது ரெண்டு மூண்டு நிமிசம்தான். வளையம் ஒரு பாகை சரிஞ்சாலும் 5 சென்ரிமீற்றர் பிழைக்கும். அத்திவாரம் களிமண்ணில வேண்டாம், கோடையில வெடிக்கும்.

இன்னொரு விசயம். புத்தாண்டுக்குப் பள்ளிக்கூடம் லீவு!

---

வவுனியா ரீச்சர்:

அதுதான் நானும் யோசித்தேன். ஆகஸ்டுக்கும் தவணை விடுமுறை எப்படி வருகிறதோ தெரியாது, அந்த வருடக் கலண்டரைப் பார்க்க வேண்டும். ஆனால் லீவு நாளில் பிள்ளைகள் தாங்களாக வந்து பார்க்கும் சிலை என்றால் எனக்குச் சம்மதம். அதிபரிடம் ஒன்று கேளுங்கள்: அன்றைக்கு கேற்றைத் திறந்துவிடுவாரா?

---

சீமெந்துக்காரன்:

கேட்டன். கேற் திறப்பாராம். ஆனா வேற ஒரு நிபந்தனை போட்டார், நான் நினைச்சுப் பார்க்காத ஒண்டு. மேல ஆறு ஓட்டை, கீழ ஆறு குழி, மாரிக்குத் தண்ணி நிக்கும், நுளம்பு முட்டை போடும், சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து பள்ளிக்கூடத்துக்குத் தண்டம் எழுதுவார். அதால குழி இல்லை, நிலத்தோட மட்டமா வெள்ளைக் கல் பதிக்கிறன். தரையை வாசல் பக்கம் ஒரு விரல் சரிவு விடுறன்.

தம்பி வாய்க்கால், அந்தச் சரிவு உங்கட சென்ரிமீற்றர் கணக்கை எவ்வளவு மாத்தும் எண்டு பார்த்துச் சொல்லுங்கோ. தூக்குக்குண்டு என்னட்டை இருக்கு. மட்டம் பார்க்கிற கருவியோட நீங்கள் ஒருக்கா வந்தால் வடக்கை அடிச்சுப்போட்டு வளையம் இறக்கலாம்.